கலைக்கல்வியும் வாழ்க்கைத் தொழிலும்: கல்கத்தா நகரம் கூறும் வரலாறு

ஆண்டுதோறும் கோடையில் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாள்களில், நம்மவர் இல்லங்களில் ஒரு வழக்கு நடைபெறுகின்றது. பள்ளி இறுதி வகுப்பைக் கடந்த மகனோ மகளோ, "நான் வரலாறு படிக்க விரும்புகின்றேன்" என்றோ, "இலக்கியம் படிக்க விரும்புகின்றேன்" என்றோ கூறினால், அவ்வீட்டில் சிறிது நேரம் பேச்சு அடங்கிவிடும். பின்னர்த் தந்தையார் கேட்பார்: "அதைப் படித்தால் பிழைப்புக்கு என்ன வழி?" பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பு நாடி வந்த குடும்பங்களில் இவ்வினா இன்னும் கூர்மையாக எழுகின்றது. அதிற் குற்றம் காண்பதற்கில்லை. ஊரையும் உறவையும் விட்டு வந்தவர்க்கு மாதச் சம்பளத்தின் அருமை நன்கு தெரியும். ஆதலின், அவ்வினாவை இகழாது ஏற்று, வரலாறு அதற்கு என்ன விடை தருகின்றது என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விடை தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இன்று கொல்கத்தா என்று வழங்கும் இக்கல்கத்தா மாநகரமே அதற்குச் சான்று கூறும். மொழி, இலக்கியம், வரலாறு, தத்துவம் ஆகிய கலைகளைக் கற்றவர்கள் இந்நகரில் எவ்வாறு தொழில் பெற்றனர், எவ்வாறு தொழில் இழந்து வாடினர், எவ்வாறு புதிய தொழில்களையே படைத்தனர் என்பது இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு தொடர்கதை.

நீதிபதி கற்ற மொழி

1783ஆம் ஆண்டில் வில்லியம் ஜோன்ஸ் என்பார் இந்நகரின் உச்ச நீதிமன்றத்துக்கு நீதிபதியாக வந்து சேர்ந்தார். இந்துக்களின் வழக்குகளை இந்து நூல்களின் முறைப்படி தீர்க்க வேண்டியிருந்தது. அந்நூல்களோ வடமொழியில் இருந்தன. பண்டிதர் கூறும் பொருளைக் கேட்டுத் தீர்ப்பு வழங்க அவர் மனம் ஒப்பவில்லை. மூலத்தைத் தாமே படித்தறிய விரும்பினார். வடமொழி கற்கத் தொடங்கினார். தொழிலின் பொருட்டுத் தொடங்கிய அக்கல்வி, தொழிலின் எல்லையைக் கடந்து சென்றது. 1784இல் அவர் ஆசியக் கழகத்தை நிறுவினார். 1786இல், வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரு பொதுமூலத்திலிருந்து கிளைத்தனவாதல் வேண்டும் என்று அக்கழகத்தில் எடுத்துரைத்தார். ஒப்பியல் மொழிநூல் என்னும் துறைக்கு அவ்வுரை ஓர் அடிக்கல் ஆயிற்று.

அடுத்து, 1800ஆம் ஆண்டில் வெல்லெஸ்லி பிரபு கோட்டை வில்லியம் கல்லூரியைத் தோற்றுவித்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் இளம் ஊழியர்களுக்குக் கணக்கெழுதவும் சரக்கு எண்ணவும் தெரிந்திருந்தது. நாட்டை ஆள்வதற்கு அது போதவில்லை. மக்களின் மொழி, சட்டம், வரலாறு ஆகியவற்றை அறியாதவன் வரி தண்டவும் வழக்குத் தீர்க்கவும் இயலாது என்பதைக் கம்பெனி ஆட்சி உணர்ந்தது. நெடுங்காலம் வங்க அரசின் செயலகமாக விளங்கிய ரைட்டர்ஸ் கட்டடத்திலேயே அக்கல்லூரி இயங்கியது. வில்லியம் கேரி அங்கே வங்க மொழி கற்பித்தார். ராம்ராம் பாசு, மிருத்யுஞ்சய வித்தியாலங்காரர் முதலிய பண்டிதர்கள் பாடநூல் எழுத அமர்ந்தனர். அவர்களுடைய நூல்களின் வழியே வங்க உரைநடை உருப்பெறலாயிற்று.

சென்னையிலும் 1812இல் இத்தகைய கல்லூரி ஒன்று புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி என்னும் பெயரால் எழுந்தது. அதனை உருவாக்குவதில் முன்னின்றவர் சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை. தென்னாட்டு மொழிகள் வடமொழியினின்று பிறந்தன அல்ல, அவை தமக்கெனத் தனிக்குடும்பம் உடையன என்பதை 1816இல் சான்றுகளுடன் அவர் நிறுவினார். கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணம் வெளிவருவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே இது நிகழ்ந்தது. அக்கல்லூரியின் தமிழ்ப் புலவராக விளங்கிய தாண்டவராய முதலியார், மாணவர் படிப்பதற்கெனப் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழ் உரைநடையில் ஆக்கித் தந்தார். 1826இல் அந்நூல் வெளிவந்தது.

இக்கல்லூரிகள் அந்நியர் ஆட்சியை நிலைநிறுத்த எழுந்தவையே. அதனை மறைக்க வேண்டுவதில்லை. எனினும், மொழியறிவும் வரலாற்றறிவும் பொழுதுபோக்கு அல்ல, ஆட்சித் தொழிலுக்கு இன்றியமையாத கருவிகள் என்பதை இலாபம் ஒன்றையே கருதிய ஒரு வணிகக் கம்பெனி ஒப்புக்கொண்டது என்பது எண்ணத்தக்கது.

முதற் பட்டதாரிகள்

1857ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றின. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1858இல் முதன்முதலாகப் பி.ஏ. பட்டம் பெற்றோர் இருவர். அவருள் ஒருவர் பங்கிம் சந்திரர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளும் இருவரே. அவருள் ஒருவர் யாழ்ப்பாணம் தந்த சி. வை. தாமோதரம் பிள்ளை.

இவ்விருவர் வாழ்க்கையையும் ஒருங்கு வைத்து நோக்குவோமாயின் ஓர் ஒற்றுமை புலப்படும். பங்கிம் சந்திரர் துணை மாஜிஸ்திரேட்டாக அமர்ந்து 1891 வரை அரசுப் பணியாற்றினார். தாமோதரம் பிள்ளையும் அரசுப் பணி புரிந்து, பின்னர்ப் புதுக்கோட்டையில் நீதிபதியாக விளங்கினார். பட்டம் இருவருக்கும் சோறு அளித்தது. ஆனால், இருவரும் அத்துடன் நின்றாரல்லர். பங்கிம் சந்திரர் கச்சேரி வேலைக்கிடையே புதினங்கள் எழுதி வங்க இலக்கியத்திற்குப் புதுவாழ்வு தந்தார். தாமோதரம் பிள்ளை, செல்லரித்த ஏடுகளைத் தேடி எடுத்து, வீரசோழியத்தையும் கலித்தொகையையும் தொல்காப்பிய உரைகளையும் அச்சேற்றினார். அவர்கள் தீர்த்த வழக்குகள் இன்று யாருக்கும் நினைவில்லை. அவர்கள் தந்த நூல்கள் இரு மொழிகளிலும் வாழ்கின்றன.

தேர்வும் நிர்வாகமும்

இந்திய சிவில் சர்வீஸ் பணிக்குப் போட்டித் தேர்வு 1855இல் தொடங்கிற்று. அதனை வகுத்த மெக்காலேயின் குழு ஒரு கொள்கையை வற்புறுத்தியது. இளைஞன் தான் பார்க்கப்போகும் வேலையின் நுணுக்கங்களை முன்னதாகவே அறிந்திருக்க வேண்டுவதில்லை. பரந்த பொதுக்கல்வியால் அவன் அறிவு பண்பட்டிருத்தல் வேண்டும். வேலையின் நுணுக்கங்களைப் பின்னர்க் கற்றுக்கொள்ளலாம் என்பதே அக்கொள்கை. ஆதலின் இலக்கியம், வரலாறு, பண்டைமொழிகள், கணிதம், தத்துவம் ஆகியன தேர்வுப் பாடங்களாயின. தேர்வு இலண்டனில் மட்டுமே நடைபெற்றது. நம்மவர் கடல் கடந்து சென்று எழுத வேண்டிய அநீதி 1922 வரை நீடித்தது. அத்தடையையும் தாண்டி 1863இல் சத்தியேந்திரநாத் தாகூர் இந்தியருள் முதல்வராக வெற்றி பெற்றார்.

1869இல் தேறியவர் ரமேஷ் சந்திர தத்தர். கலைக்கல்வி ஓர் அதிகாரியை எவ்வாறு உருவாக்கும் என்பதற்கு அவரைக் காட்டிலும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை எனலாம். 1874இலேயே வங்க உழவரின் நிலையைப் பற்றி நூல் எழுதினார். 1876இல் கீழ்வங்கக் கடற்கரையைப் பெரும்புயல் அழித்தபோது துயர்துடைப்புப் பணியை முன்னின்று நடத்தினார். ஓய்வு பெற்ற பின்னர், பஞ்சம் ஏன் வருகின்றது என்னும் வினாவை எடுத்துக்கொண்டார். மழை பொய்த்தது மட்டும் காரணம் என்று ஆட்சியாளர் கூறினர். தத்தர் அரசாங்கத்தின் அறிக்கைகளையே எடுத்து, நிலவரிக் கணக்குகளைப் பழைய ஆவணங்களோடு ஒப்பிட்டு, வரியின் சுமையும் ஒரு காரணம் என்று எடுத்துக்காட்டினார். 1900இல் கர்சன் பிரபுவுக்கு வெளிப்படையான கடிதங்கள் எழுதினார். 1902இலும் 1904இலும் வெளிவந்த அவருடைய இந்தியப் பொருளாதார வரலாறு, பின்னர் விடுதலைப் போராட்டத்திற்கே ஒரு கருவியாயிற்று.

ஆவணத்தைப் படித்தல், அதனை எழுதியவன் யார், எதற்காக எழுதினான் என்று வினவுதல், இரு சான்றுகளைச் சீர்தூக்குதல், கண்ட முடிவைத் தெளிந்த சொற்களாற் கூறுதல் ஆகிய இவையே வரலாறு கற்பிக்கும் பயிற்சிகள். நீதிபதிக்கும் தணிக்கையாளருக்கும் பத்திரிகையாசிரியருக்கும் வேண்டிய பயிற்சிகளும் இவையே அன்றோ?

பட்டம் பயனற்றுப்போன கதை

இங்கே மறுபக்கத்தையும் கூறாவிடின் வரலாறு நிறைவுறாது. ஆங்கிலங் கற்றவர்க்கே அரசுப் பணியில் முதலிடம் என்று 1844இல் ஹார்டிஞ்சு பிரபு ஆணையிட்டார். அன்று முதல் கல்வி வேறு, வேலை வேறு என்ற எண்ணமே மறைந்துவிட்டது. பட்டம் என்பது குமாஸ்தா நாற்காலிக்குரிய அனுமதிச்சீட்டாகக் கருதப்பட்டது. நாற்காலிகள் சில, பட்டதாரிகள் பலர். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தை ஆராய 1917இல் சாட்லர் தலைமையில் அமைந்த குழு, உயர்கல்வி பெரிதும் ஏட்டுக்கல்வியாகவே இருப்பதை எடுத்துக்காட்டியது. 1930க்குப் பின் படித்தவர் வேலையின்மை எங்கும் பெருகிற்று. ஐக்கிய மாகாணத்தில் அதனை ஆராயவே சாப்ரூ தலைமையில் ஒரு குழு அமைந்து, 1935இல் அறிக்கை தந்தது.

வேதியியல் அறிஞர் பிரபுல்ல சந்திர ராயர், குமாஸ்தா வேலையையே நாடி நிற்கும் இளைஞர்களைக் கடிந்துரைத்தார். கடிந்ததோடு நில்லாமல், தாமே ஒரு வேதிப்பொருள் தொழிற்சாலையைத் தொடங்கி வழிகாட்டினார். ஆயினும் அவர் கலைக்கல்வியின் பகைவர் அல்லர். பழைய வடமொழிச் சுவடிகளை ஆராய்ந்து, இந்து வேதியியலின் வரலாற்றை 1902இலும் 1909இலும் இரு தொகுதிகளாக எழுதியவர் அவரே. அவர் வெறுத்தது வரலாற்றையோ இலக்கியத்தையோ அன்று. குறிப்புகளை உருப்போட்டுத் தேர்வில் ஒப்பித்துவிட்டு, அதன்பின் நூலைத் தொடாத பழக்கத்தையே அவர் வெறுத்தார். அத்தகைய படிப்பு அன்றும் சோறு போடவில்லை, இன்றும் போடாது. இதனை நாம் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்ளுதல் வேண்டும்.

தமிழகம் தந்த மூவர்

இனி, தமிழ்நாட்டிற் பிறந்து இந்நகரிற் பணிபுரிந்த மூவரைப் பற்றிக் காண்போம்.

முதலாமவர் ச. வெ. இராமன். பௌதிகத்தில் இராமனுக்கு இருந்த புலமை உலகறிந்தது. ஆனால் 1907ஆம் ஆண்டு இந்தியாவில், பௌதிகம் கற்ற இளைஞனுக்கு அதனைக் கொண்டே வாழ வழியில்லை. எனவே அவர் நிதித்துறைத் தேர்வு எழுதினார். அத்தேர்வுக்காக இலக்கியமும் வரலாறும் அரசியற் பொருளாதாரமும் கற்க வேண்டியிருந்தது. கற்றார், முதலிடமும் பெற்றார். இருபது வயது நிரம்புமுன்னரே துணைக் கணக்காயராகக் கல்கத்தா வந்தார். பகலில் அலுவலகம், காலையிலும் மாலையிலும் பௌபஜார் தெருவிலிருந்த அறிவியல் கழகத்தின் ஆய்வுக்கூடம். பத்தாண்டுகளிற் பெரும்பகுதி இவ்வாறு கழிந்தது. உலகம் போற்றும் ஓர் அறிவியலறிஞர்க்கு முதலிற் சோறு போட்ட தேர்வில் வரலாறும் பொருளாதாரமும் பாடங்களாக இருந்தன. எந்தக் காலத்தில் எந்தப் படிப்பு பிழைப்புத் தரும் என்பதை முன்கூட்டி அறுதியிட்டுக் கூற இயலாது என்பதற்கு இஃது ஒரு சான்று.

இரண்டாமவர் திருத்தணியிற் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். அவர் தத்துவம் கற்கத் திட்டமிட்டவர் அல்லர். வசதி குறைந்த குடும்பம். தத்துவம் படித்து முடித்த உறவினர் ஒருவர் தம் பாடநூல்களைக் கொடுத்து உதவினார். ஆதலின் அப்பாடத்தையே எடுத்தார் என்பர். வேலைவாய்ப்பை மட்டும் எண்ணிப் பார்த்தால், தத்துவத்தினும் பயனற்ற பாடம் வேறு உண்டோ? ஆயினும் 1909இல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார். பின்னர் மைசூரிலிருந்து 1921இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் தத்துவப் பேராசிரியராக வந்தார். அவரை அழைத்து வந்தவர் துணைவேந்தர் அசுதோஷ் முகர்ஜி. 1917இல் இராமனைப் பௌதிகப் பேராசிரியராக்கியவரும் அவரே. இந்தியத் தத்துவம் பற்றிய பெருநூலின் இரு பகுதிகளும் இங்கிருந்தபோதுதான் வெளிவந்தன. 1936இல் ஆக்ஸ்போர்டு, 1949இல் மாஸ்கோவில் இந்தியத் தூதர், 1952இல் குடியரசுத் துணைத்தலைவர், 1962இல் குடியரசுத் தலைவர். 1888ஆம் ஆண்டில் தமிழகத்திற் பிறந்த இவ்விருவரும், 1954இல் பாரத ரத்னா விருது முதன்முதலாக வழங்கப்பெற்றபோது, இராஜாஜியுடன் ஒருங்கே அதனைப் பெற்றனர். அறிவியலுக்கும் கலைக்கும் நாடு அன்று சமமான இருக்கை அளித்தது.

மூன்றாமவர் பெயர் அத்துணைப் புகழ் பெற்றதன்று. ஆயினும் நம் பொருளுக்கு அவரே மிகவும் நெருங்கியவர். மயிலாப்பூரில் 1909இல் பிறந்த பி. எஸ். கேசவன் ஆங்கில இலக்கியம் கற்றவர். இலண்டனிற் பயின்று மைசூரில் ஆசிரியராக இருந்தவர். விடுதலை பெற்ற இந்தியாவில் இந்நகரின் இம்பீரியல் நூலகம் 1948இல் தேசிய நூலகமாக மாறியபோது அதன் தலைமை அவர் கையில் இருந்தது. நூல்கள் பெல்வெடேர் மாளிகைக்கு மாற்றப்பட்டன; 1953இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாட்டில் அச்சாகும் நூல்களின் படிகள் அங்கே வந்து குவியத் தொடங்கின.

அந்நூல்களை எவ்வாறு பட்டியலிடுவது? தமிழ், வங்காளம், உருது, மலையாளம் என்று எத்தனை எழுத்துகள்! ஆசிரியர் பெயரில் எது ஊர், எது தந்தை பெயர், எது குடிப்பெயர்? தமிழருக்கு ஒரு முறை; வங்காளிக்கு ஒரு முறை; முஸ்லிமுக்கு ஒரு முறை. இவற்றையெல்லாம் ஒரே வரிசையில் நிறுத்த, எண்கணக்கு மட்டும் போதாது. மொழிகளையும் அவற்றின் மரபுகளையும் அறிந்த கலைஞானம் வேண்டும். கேசவனும் அவருடன் பணிபுரிந்தோரும் அதனைச் செய்து முடித்தனர். 1958இல் இந்திய தேசிய நூற்பட்டியல் வெளிவந்தது. இலக்கியம் படித்த இப்பெருமகனார் பின்னர்த் தில்லியில் தேசிய அறிவியல் ஆவண மையத்திற்கும் இயக்குநராக விளங்கினார். அவர் மாணவராக இருந்த காலத்தில் தேசிய நூலகம் இல்லை. தேசிய நூற்பட்டியல் இல்லை. அறிவியல் ஆவண மையமும் இல்லை. இல்லாத வேலைக்கு எவரும் ஆயத்தம் செய்துகொள்ள முடியாது. அவ்வேலை தோன்றியபோது அதனை ஏற்று நடத்தும் அறிவை அவருக்கு முன்னமே தந்தது அவர் கற்ற கல்வி.

இன்றைய நிலை

இவையெல்லாம் பழங்கதை என்று சிலர் கருதலாம். இன்றும் அரசின் உயர்பணிகளுக்கான முதன்மைத் தேர்வில் கட்டுரைக்கு ஒரு தாள் உண்டு. நாட்டின் வரலாறும் பண்பாடும் பொதுப்பாடங்களுள் இடம்பெறுகின்றன. 2013 முதல் அறநெறிக்கும் ஒரு தாள் அமைந்துள்ளது. தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுக்கலாம். விடைகளைத் தமிழிலேயே எழுதவும் செய்யலாம். பொறியியலும் மருத்துவமும் முடித்தவர்கள் அத்தேர்வுக்காக வரலாற்று நூல்களைத் தேடிப் படிக்கின்றனர். இளமையில் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட பாடம், பிற்காலத்தில் இவ்வாறு திரும்பி வந்து நிற்கின்றது.

சட்டம், பத்திரிகை, ஆவணக்காப்பு, அருங்காட்சியகம், பதிப்பு, மொழிபெயர்ப்பு ஆகிய துறைகள் யாவும் கலைக்கல்வியின் மேல் எழுந்தவையே. சிறப்பாக, பிற மாநிலங்களில் வளரும் நம் பிள்ளைகளுக்கு ஒரு செல்வம் எளிதில் வாய்த்துள்ளது. வீட்டில் தமிழ், தெருவில் வங்காளம், பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும். இந்நகரில் வாழ்ந்த சு. கிருஷ்ணமூர்த்தி, அதீன் பந்தோபாத்யாயரின் வங்கப் புதினத்தை 'நீலகண்டப் பறவையைத் தேடி' என்னும் பெயரால் தமிழுக்குக் கொண்டுவந்தார். இரு மொழிகளின் நடுவே வாழும் வாய்ப்பைப் புலமையாக மாற்றிக்கொண்டமையாலன்றோ அஃது இயன்றது? 2004இல் தமிழும் 2024இல் வங்காளமும் செம்மொழிகள் என்று அரசால் ஏற்கப்பட்டுள்ளன. இவ்விரண்டினையும் முறையாகக் கற்றவர் நாட்டில் எத்துணைப் பேர் இருப்பர்? நம் பிள்ளைகளோ அவ்விரண்டின் மடியிலும் வளர்கின்றனர். ஆனால், பேச மட்டும் அறிந்து எழுதப் படிக்க அறியாவிடின், அச்செல்வம் ஒரு தலைமுறையில் கரைந்துவிடும்.

இன்று இயந்திரமே கடிதம் எழுதுகின்றது, மொழிபெயர்க்கவும் செய்கின்றது. குறிப்பை உருப்போட்டு ஒப்பிக்கும் வேலையை அது நம்மினும் விரைவாகச் செய்துவிடும். எழுதப்பட்டது மெய்யோ பொய்யோ, தக்கதோ தகாததோ என்று சீர்தூக்கும் வேலை மனிதனுக்கே எஞ்சி நிற்கும். அதனைப் பயிற்றுவிப்பது கலைக்கல்வி.

முடிவுரை

ஆகவே, தந்தையாரின் வினாவுக்கு வரலாறு தரும் விடை இதுவே. கலைப்பாடத்தின் பட்டம் மட்டும் எக்காலத்தும் எவருக்கும் நிலையான பிழைப்பைத் தந்ததில்லை. அப்பாடத்தை ஊன்றிக் கற்று, படிக்கவும் ஆராயவும் தெளிவுற எழுதவும் பழகியவரை அது கைவிட்டதாகவும் தெரியவில்லை. அறிவியலோ பொறியியலோ தாழ்ந்தவை என்பது நம் கருத்தன்று. விருப்பமும் திறமையும் உள்ளவர் அவற்றைக் கற்று மேம்படுக. 1948இல் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக்குழுவும், அறிவியல் மாணவர் கலையையும் கலை மாணவர் அறிவியலையும் ஓரளவேனும் அறிதல் வேண்டும் என்றே பரிந்துரைத்தது.

நாம் வேண்டுவது ஒன்றே. அடுத்த கோடையில் நம் வீட்டுப் பிள்ளை ஒன்று, "நான் வரலாறு படிக்க விரும்புகின்றேன்" என்று சொல்லுமாயின், உடனே முகம் சுளிக்க வேண்டா. "ஏன் விரும்புகின்றாய்?" என்று ஒருமுறை கேட்போம். "மதிப்பெண் குறைந்துவிட்டது, வேறு இடம் கிடைக்கவில்லை" என்று விடை வருமாயின், அப்பொழுது கவலைப்படுதல் தகும். பிள்ளை தான் படித்த ஒரு நூலைப் பற்றியோ, கண்ட ஒரு கல்வெட்டைப் பற்றியோ கண்கள் ஒளிர விடை கூறுமாயின், அஞ்சாது வழிவிடுவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பிள்ளையை அழைத்துக்கொண்டு தேசிய நூலகத்துக்குச் சென்று வருவோம். அங்கே அடுக்கி வைத்துள்ள தமிழ் நூல்களின் வரிசையே மற்றவற்றை எடுத்துச் சொல்லும்.